செய்த மரப்பொருளில் உங்கள் பெயரை இடுவது எப்படி: பென்சில் முதல் சூட்டுக்கோல் வரை

நான் முதன்முதலில் பெயர் போட்ட பொருள் ஒரு சிறிய மூடிப்பெட்டி. மூன்று வாரம், மாலை நேரங்களில் மட்டும் உட்கார்ந்து செய்தது. நான்கு மூலையிலும் டவ்டெயில் இணைப்பு, அதாவது புறாவால் வடிவப் பற்கள் ஒன்றோடொன்று பூட்டுவது. எல்லாம் முடிந்த பிறகு அடிப்பக்கத்தில் கறுப்பு பெர்மனென்ட் மார்க்கரால் கையெழுத்துப் போட்டேன். மேலே ஷெல்லாக் (அரக்கில் செய்யும் மரப்பூச்சு) ஒரு கோட் இழுத்ததும் கறுப்பு மை ஊதாவாகப் பிரிந்தது. எழுத்தைச் சுற்றி மர ரேகையோடு ரேகையாக, முடி முடியாக ஓடியது. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன், இன்னும் பரவியது. சுரண்டினேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மை மரத்துக்குள் இறங்கிவிட்டிருந்தது. பரிசாகக் கொடுக்க வேண்டிய பெட்டி அது. அடிப்பலகையையே கழற்றி மாற்ற வேண்டி வந்தது.

அதற்குப் பிறகு சூட்டுக்கோல் (பெயரை மரத்தில் சுட்டுப் பதிக்கும் கருவி) ஒன்று செய்யக் கொடுத்து, அதிலும் ஒருமுறை காசும் ஐந்து வாரமும் வீணானது. பெயர் போடுவது கடைசி ஐந்து நிமிட வேலை என்று நினைத்ததுதான் இரண்டுக்கும் காரணம். மரம் வாங்கும்போதே எந்தப் பாலிஷ் போடுவது என்று யோசிக்கிறோமே, குறியையும் அப்போதே யோசித்துவிட வேண்டும். நீங்கள் இப்போதுதான் மரவேலையில் இறங்கியிருக்கிறீர்கள் என்றால், கீழே உள்ளதை இதே வரிசையில் செய்துபாருங்கள்.

1. முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள்

எந்தக் கருவியால் எழுதுவது என்பதற்கு முன்பு எந்தப் பலகையில் எழுதுவது என்று பாருங்கள். நூறு வருடம் கழித்துப் பழுது பார்ப்பவர் எதைக் கழற்றி எறிவார், எதை வைத்துக்கொள்வார் என்று கேட்டுக்கொண்டால் இடம் தானாகத் தெரியும். அலமாரியின் பின்பலகை, இழுப்பறையின் அடிப்பலகை, நாற்காலியின் இருக்கைத் துணி எல்லாம் மாற்றப்படும். அங்கே பெயர் போட்டால் பெயர் பலகையோடு குப்பைக்குப் போகும். சட்டத்தின் உட்பக்கம், மேசைத் தலைப்பலகையின் அடி, இழுப்பறைப் பக்கப்பலகையின் வெளிமுகம் ஆகியவை நிலைத்து நிற்கும்.

காலின் அடியில் போடாதீர்கள். தரையில் இழுபட்டுத் தேயும், ஈரமும் ஏறும். ஃபெல்ட் ஒட்டப்போகும் இடம், கீல் உட்காரும் இடம், பசை வழியும் இடம் இவற்றையும் தவிருங்கள். கடைசல் கிண்ணம் என்றால் அடியில் உள்ள வளையத்துக்குள், சற்றே குழிந்த பகுதியில் போடுங்கள். மேசையில் உரசாது.

காய்கறி நறுக்கும் பலகைக்குப் பக்கவாட்டு முகம்தான் சரி. வெட்டும் முகத்தில் போட்ட குறி கத்திக்கே போய்விடும். அதுவரையிலும் அந்தப் பள்ளத்தில் ஈரமும் உணவுத் துணுக்கும் தங்கும்.

கண்ணுக்குத் தெரியும் முன்பக்கத்தில் பெயர் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நான் போடுவதில்லை. வாங்குகிறவர் தினமும் என் பெயரைப் பார்க்க வேண்டிய தேவையில்லை. முன்பக்கத்தில் ஏதாவது வேண்டும் என்றால் பெயருக்குப் பதில் ஒரு சின்ன உருவம் நல்லது. இங்கிலாந்தில் யார்க்‌ஷயரின் ராபர்ட் தாம்சன் தன் ஓக் மரச் சாமான்களில் ஒரு சிறு எலியைச் செதுக்கி வைத்தார். இன்றுவரை அந்த எலியை வைத்துத்தான் அவர் பட்டறைப் பொருளை அடையாளம் காண்கிறார்கள்.

2. என்ன எழுதுவது

பெயர், ஆண்டு, வரிசை எண் மூன்றும் போதும். இடம் மிச்சம் இருந்தால் மரத்தின் பெயரும், மேலே போட்ட பூச்சும். பூச்சின் பெயரைக் கட்டாயம் சேருங்கள் என்பேன். பிற்காலத்தில் யாராவது அதைப் புதுப்பிக்க வரும்போது, மேலே இருப்பது எண்ணெயா, ஷெல்லாக்கா, பாலியூரிதேனா என்று தெரியாமல்தான் பல பொருள்கள் பாழாகின்றன.

ஆண்டு போடுவதில் விற்பனைக்குச் செய்பவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும். இந்த வருடம் செய்தது அடுத்த வருடம் விற்றால் பழைய சரக்கு என்று நினைப்பார்களோ என்று. அப்படியானால் ஆண்டை வரிசை எண்ணுக்குள் மறைத்துவிடுங்கள். 2025-இல் செய்த ஏழாவது பொருள் என்றால் 2507. உங்களுக்குத் தெரியும், பதிவேட்டிலும் இருக்கும்.

ஒருவருக்காகவே செய்த பொருள் என்றால் அவர் பெயரையும் எழுதலாம். அமெரிக்க மரச்சாமான் கலைஞர் ஜார்ஜ் நகஷிமாவின் பட்டறையில் செய்த பல மேசைகளின் அடியில் வாங்கியவரின் பெயர் கறுப்பு மையில் இருக்கும். ஆனால் வாங்குபவரிடம் கேட்காமல் எழுதாதீர்கள். இருவர் சேர்ந்து செய்தால் இருவர் பெயரும் வர வேண்டும். வேறொருவர் வரைந்து கொடுத்த வடிவம் என்றால் "வடிவம் இன்னார், செய்தது இன்னார்" என்று பிரித்து எழுதுங்கள்.

இணையதள முகவரியையும் கியூஆர் கோடையும் பலகையில் பதிக்காதீர்கள். பலகை இருக்கும் காலம் வரை அந்த முகவரி இருக்காது.

3. பென்சிலில் தொடங்குங்கள்

முதல் பத்துப் பொருளுக்கு இதுவே போதும். கிராஃபைட் என்பது கார்பன். வெளிச்சத்தில் வெளுக்காது, ஸ்பிரிட்டிலோ தின்னரிலோ கரையாது. பழைய அலமாரிகளின் இழுப்பறையை உருவிப் பார்த்தால் தச்சர் பென்சிலால் கிறுக்கிய பெயரும் கணக்கும் இன்னும் அப்படியே இருப்பதைக் காணலாம்.

கடைசியாக உப்புத்தாள் போட்ட பிறகு எழுதுங்கள். எச்.பி. அல்லது 2பி பென்சில் போதும். கடினமான பென்சில் மரத்தில் பள்ளம் போடும், ஆனால் கறுப்பாக விழாது. எழுதியதும் தூசியை ஊதிவிட்டு, முதல் கோட்டை அந்த இடத்தில் மட்டும் தேய்க்காமல் மெல்ல ஒற்றி விடுங்கள். தூரிகையை முன்னும் பின்னும் இழுத்தால் கிராஃபைட் தூள் கலங்கிச் சாம்பல் நிறம் பரவும். பூச்சே போடாத உட்பக்கம் என்றால் இன்னும் நல்லது, எழுதிவிட்டு அப்படியே விட்டுவிடலாம்.

செலவு இல்லை. நேரம் ஒரு நிமிடம்.

4. பேனா என்றால் மையைப் பாருங்கள்

என் பெட்டியில் நடந்தது என்னவென்றால், சாதாரண பெர்மனென்ட் மார்க்கரின் மை பெரும்பாலும் ஆல்கஹாலில் கரைந்த சாயம். ஷெல்லாக்கும் ஆல்கஹாலில்தான் கரைகிறது. பூச்சு மேலே பட்டதும் காய்ந்த மை மறுபடி கரைந்து ஓடுகிறது. லேக்கர் என்ற பூச்சிலும் தின்னர் இதே வேலையைச் செய்யும். சாயம் வெளிச்சத்திலும் வெளுக்கும். பேனாவின் மேல் "பெர்மனென்ட்" என்று எழுதியிருப்பது தண்ணீருக்குத்தான். பாலிஷுக்கு அந்த உறுதி கிடையாது.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது நிறமி மை, அதாவது பிக்மென்ட் இங்க். சகுரா பிக்மா மைக்ரான் போன்ற வரைகலைப் பேனாக்கள் இந்த வகை. இதில் நிறத்துகள்கள் கரையாமல் மிதக்கின்றன. காய்ந்த பிறகு தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் ஓடுவதில்லை. விலை சில தாள் உப்புத்தாளின் விலைதான்.

ஆனால் நல்ல மையும் வெறும் மரத்தில் ஓடும். ஓக், ஆஷ், தேக்கு மாதிரி நுண்துளை திறந்திருக்கும் மரத்தில் துளை வழியே மை கசிந்து எழுத்துக்கு மீசை முளைக்கும். அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்:

முதலில் மெழுகு நீக்கிய ஷெல்லாக் மெல்லியதாக ஒரு கோட். ஒரு மணி நேரம் காயட்டும். 320 எண் கொண்ட நுண்ணிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு மட்டும். தூசியைத் துடையுங்கள். இப்போது மேற்பரப்பு காகிதம் மாதிரி இருக்கும். அதில் எழுதுங்கள். ஒரு இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் மேல் பூச்சு. முதல் கோட்டைத் தூரிகையால் இழுக்காமல் தெளிப்பானால் தூவினால் இன்னும் பாதுகாப்பு. மெழுகு நீக்கிய ஷெல்லாக் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மெழுகுள்ள ஷெல்லாக்கின் மேல் பாலியூரிதேன் சரியாகப் பிடிக்காது, பிறகு உரியும்.

எண்ணெய் மட்டும் பூசும் பொருளுக்குப் பேனா சரிப்படாது. எண்ணெய்க்கு முன் எழுதினால் கசியும், பின் எழுதினால் ஒட்டாது. அதற்குச் சூடுதான்.

எது செய்தாலும் அதே மரத்தின் வெட்டுத் துண்டில், அதே பேனா, அதே பூச்சு என்று முழுதாக ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத்தான் பொருளில் கை வையுங்கள். வேறு மரத் துண்டில் பார்த்தது கணக்கில் வராது.

5. சூட்டுக்கோல்: ஆர்டர் கொடுக்கும் முன்

மரத்தில் பெயரைச் சுட்டுப் பதிக்கும் பித்தளைத் தலைதான் இது. மின்சாரத்தில் சூடாவது ஒரு வகை, கேஸ் டார்ச்சில் சூடேற்றுவது இன்னொரு வகை. நிறையப் பொருள் செய்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பூச்சு எதுவானாலும் ஓடாது, எளிதில் வெளுக்காது. ஆனால் அதிகம் பணம் போகும் இடமும், அதிகம் தவறு நடக்கும் இடமும் இதுதான். ஆர்டரின் பேரில் செய்கிற பொருள் என்பதால் திருப்பிக் கொடுக்க முடியாது. பொதுவாகச் சில வாரங்கள் ஆகும். ஒரு பொருளை ஒப்படைக்கும் தேதியை மனத்தில் வைத்து ஆர்டர் கொடுக்காதீர்கள்.

விலை எதைப் பொறுத்தது என்றால் பெரும்பாலும் தலையின் அளவை. பக்கம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. சூடாக்க வேண்டிய பித்தளையும் நான்கு மடங்கு, அழுத்த வேண்டிய பலமும் அப்படியே. முதல் கோலுக்கு 25 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டாதீர்கள். சிறிய பெட்டிக்கும் பொருந்தும், பெரிய மேசைக்கும் போதும். தலையைக் கழற்றி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அடுத்த தலைக்குக் கைப்பிடிக் காசு மிச்சம். மின்சாரக் கோலை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறீர்கள் என்றால் வோல்டேஜைப் பாருங்கள். 110 வோல்ட் சுருளை 230 வோல்ட் இணைப்பில் செருகினால் அன்றே எரிந்துவிடும்.

இப்போது தமிழ் எழுத்து. இதில்தான் நான் ஏமாந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் பெயரில் ஒரு "செ" வருகிறது. கணினியில் தட்டச்சு செய்த கோப்பை அப்படியே அனுப்பினேன். செதுக்கும் இயந்திரத்தின் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. ஒப்புதலுக்கு ஒரு படம் அனுப்பினார்கள். அதை நான் கைபேசியில் அவசரமாகப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டேன். பித்தளையில் வந்தபோதுதான் கண்ணில் பட்டது. செய்தவருக்குத் தமிழ் தெரியாது, அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இன்னொரு தலைக்குக் காசு கட்டி, இன்னொரு ஐந்து வாரம் காத்திருந்தேன். கொம்பு இடம் மாறுவது மட்டுமல்ல, சில மென்பொருள்களில் துணையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் முளைக்கும். பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துரு என்றால் முழுப் பெயருமே வேறு எழுத்துகளாக மாறிவிடும்.

அதனால் எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்புங்கள். இங்க்ஸ்கேப் இலவச மென்பொருள். அதில் "ஆப்ஜெக்ட் டு பாத்" என்ற கட்டளை இதைச் செய்யும். எஸ்.வி.ஜி. அல்லது டி.எக்ஸ்.எஃப். கோப்பாகச் சேமியுங்கள். கையெழுத்தையே பதிக்க விரும்பினால் வெள்ளைத் தாளில் தடித்த கறுப்புப் பேனாவால் பெரிதாகப் பத்துமுறை எழுதுங்கள். நல்லதைத் தேர்ந்து 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, அதே இங்க்ஸ்கேப்பில் "டிரேஸ் பிட்மேப்" கொடுங்கள்.

வடிவத்தில் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, ண, ஞ, ஐ மாதிரிச் சுழி உள்ள எழுத்துகள். சுழியின் உள்ளே இடைவெளி குறைந்தால் சூட்டில் அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிடும். நான் கோட்டுக்கு அரை மில்லிமீட்டரும், இடைவெளிக்கு முக்கால் மில்லிமீட்டரும் குறையாமல் வைக்கிறேன். இரண்டு, மெய்யெழுத்தின் புள்ளி. தனியாக நிற்கும் சின்னப் புள்ளி சீக்கிரம் தேயும், சில நேரம் பதியாமலே போகும். அதைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். மூன்று, இடவலம். தலையில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல இருக்க வேண்டும், அதைச் செய்பவரே திருப்பிக்கொள்வார். நீங்களும் முன்ஜாக்கிரதையாகத் திருப்பி அனுப்பினால் இரண்டு திருப்பம் சேர்ந்து மரத்தில் இடவலம் மாறி விழும். "மரத்தில் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படி அனுப்பியிருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

எழுத்துருவின் உரிமத்தையும் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் பல எழுத்துருக்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். விற்கும் பொருளில் பதிக்க அனுமதி உண்டா என்று உரிமக் கோப்பில் படித்து, அந்தக் கோப்பையும் சேமித்து வையுங்கள்.

ஒப்புதல் படம் வந்தால் பெரிய திரையில் பாருங்கள், தமிழ் வாசிக்கத் தெரிந்த இன்னொருவரிடமும் காட்டுங்கள். அனுப்பும் முன் ஒரு மரத்துண்டில் சுட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

6. சூடு போடும் முறை

மரம் சுமார் 300 டிகிரி செல்சியஸில் கரியாகத் தொடங்கும். கோல் அதற்கு மேலே இருக்க வேண்டும், ஆனால் சிவக்கக் கூடாது. மங்கலான சிவப்பு தெரிந்தாலே 500 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள். அந்தச் சூட்டில் எழுத்தின் ஓரமெல்லாம் தீய்ந்து பரவும். டார்ச்சில் சூடேற்றுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். மின்சாரக் கோல் முழுச் சூட்டுக்கு வர கால் மணியிலிருந்து அரை மணி ஆகலாம். அவசரப்படாதீர்கள்.

அதே மரத்தின் துண்டில் இரண்டு வினாடி, மூன்று, நான்கு, ஐந்து என்று வரிசையாகச் சுட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் வினாடியைப் பென்சிலால் எழுதுங்கள். அந்தத் துண்டைத் தூக்கி எறியாதீர்கள். என் பட்டறைச் சுவரில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு துண்டு தொங்குகிறது. அடர்த்தியான மரத்துக்கு நேரம் கூடும். பைன் போன்ற பிசின் மரத்தில் பிசின் கொதித்துப் பளபளப்பான கறை விடும், அதற்குக் குறைந்த நேரம் வையுங்கள். ஈர மரத்தில் ஆவி கிளம்பி எழுத்து வெளிறிப்போகும்.

பொருளை அசையாமல் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். இரண்டு பட்டிகளை எல் வடிவில் வைத்துக் கோலின் தலையை அதன் மூலையில் ஒட்டி இறக்குங்கள். இந்தத் தாங்கல் இல்லாமல் வெறும் கையால் போட்டால் சற்றே விலகி எழுத்து இரட்டையாகத் தெரியும். நேராக இறக்கி, எடையைக் கொடுத்து, நான்கு மூலைக்கும் கொஞ்சம் அழுத்தம் போகும்படி மெல்ல அசைத்து, நேராகத் தூக்குங்கள். சரியாக விழாத இடத்தில் மறுபடி வைத்துச் சுடலாம் என்று நினைக்காதீர்கள். தாங்கல் நகராமல் இருந்தால் மட்டுமே அது நடக்கும். ஒருமுறை சுட்டதும் தலை குளிர்ந்துவிடும், அடுத்ததற்கு ஓரிரு நிமிடம் விடுங்கள். கரி படிந்தால் பித்தளைத் தூரிகையால் தேய்த்து எடுங்கள்.

பூச்சு போட்ட மேற்பரப்பில் சுடவே கூடாது. பூச்சு குமிழ்விட்டுப் புகையும், அந்தப் புகையைச் சுவாசிப்பதும் நல்லதல்ல. 180 உப்புத்தாள் முடிந்ததும் சுட்டுவிட்டு, 220 போடும்போது ஓரத்துப் பழுப்பு வளையமும் போய்விடும். காற்றோட்டமான இடம் வேண்டும். மரத்தூளும் ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியும் பக்கத்தில் இருக்கவே கூடாது. அந்தத் துணி சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் குணமுள்ளது. அதை வெளியே விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் நான் கோலைச் செருகுகிறேன்.

7. மற்ற வழிகள்

எண் அச்சுகள். சுத்தியலால் அடிக்கும் எஃகு எண் தொகுப்பு. சூட்டுக்கோலில் பெயர், எண் அச்சில் ஆண்டும் வரிசை எண்ணும் என்று சேர்த்துக்கொள்ளலாம். ஒரே அடியாக அடியுங்கள், இரண்டாவது அடியில் அச்சு துள்ளும். பழைய ஆங்கில மர இழைப்புளிகளில் செய்தவர் பெயர் முன்முகத்தில், குறுக்குவெட்டில்தான் அடிக்கப்பட்டிருக்கும். இன்றும் படிக்க முடிகிறது.

எரிபேனா. சூடான கம்பி முனையால் கையெழுத்தையே எழுதலாம். கடைசல் செய்பவர்கள் விரும்பிப் பயன்படுத்துவது. சூட்டுக்கோலைவிட மலிவு, காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் கை பழக ஒரு மாதம் துண்டு மரத்தில் எழுதிப் பாருங்கள். ரேகைக்குக் குறுக்கே போகும்போது முனை தத்தும்.

லேசர். சொந்த இயந்திரம் தேவையில்லை, வெளியே கொடுத்துச் செய்யலாம். பெரிய பொருள் இயந்திரத்துக்குள் போகாது என்பது பலருக்கும் கடைசியில்தான் உறைக்கும். பசை போட்டுக் கோக்கும் முன்பே அந்த ஒரு சட்டத்தை மட்டும் கொடுத்துப் பதித்து வாங்குங்கள். மேலே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுச் செதுக்கினால் புகைக்கறை டேப்போடு போய்விடும்.

பித்தளைத் தகடு. நீளத் தகட்டை ரேகைக்குக் குறுக்கே இரு முனையிலும் இறுக்கித் திருகாதீர்கள். பருவத்துக்குப் பருவம் மரம் விரிந்து சுருங்கும், தகடு அப்படியே நிற்கும், ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஒரு பக்கத் துளையை நீளவாக்கில் அகட்டிவிடுங்கள். ஓக் மரத்தில் இரும்புத் திருகு வேண்டாம், மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுப்புக் கறை விழும். பித்தளைத் திருகு போடுங்கள். சின்ன வட்ட வில்லை என்றால் ஃபார்ஸ்ட்னர் பிட்டால் (தட்டையான அடியோடு வட்டக் குழி எடுக்கும் துளைமுனை) குழி எடுத்து எபாக்சிப் பசையில் ஒட்டலாம். தேக்கு மாதிரி எண்ணெய்ப்பசை உள்ள மரத்தில் குழியை அசிட்டோனால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

காகித லேபிள். வயலின் செய்பவர்கள் உள்ளே ஒட்டி, எஃப் வடிவத் துளை வழியாகத் தெரிய விடுவார்கள். அழகானதுதான், ஆனால் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். புகழ்பெற்ற இத்தாலிய வயலின் கலைஞர் ஸ்ட்ராடிவாரியின் பெயர் அச்சிட்ட லேபிளோடு உலகில் எண்ணற்ற சாதாரண வயலின்கள் இருக்கின்றன. லேபிள் ஒட்டினால் அமிலமற்ற தாளில் ஒட்டுங்கள், கூடவே மரத்திலும் ஒரு குறி போடுங்கள்.

8. பதிவேடும் காகிதங்களும்

பொருளில் போட்ட எண்ணுக்கு உயிர் கொடுப்பது பதிவேடுதான். ஒரு கெட்டி அட்டை நோட்டு போதும். வரிசை எண், தொடங்கிய நாள், முடித்த நாள், மரம், மரம் வாங்கிய ரசீது எண், பசை, பூச்சு, அளவு, யாரிடம் போனது. ஒரு பொருளுக்கு அரைப்பக்கம். குறியின் நெருக்கமான படம் ஒன்றும், முழுப் பொருளின் படம் ஒன்றும் எடுத்து, கோப்புக்கு அதே எண்ணைப் பெயராக வையுங்கள். இதை அன்றைக்கே எழுத வேண்டும். நான் முதல் இரண்டு வருடம் எழுதாமல் விட்டதை இப்போது நினைவிலிருந்து நிரப்ப முடியவில்லை.

வாங்குபவருக்கு ஒரு அட்டை கொடுங்கள். அதே எண், மரம், பூச்சு, எப்படித் துடைப்பது, எதைத் தவிர்ப்பது, உங்கள் கையெழுத்து.

மர ரசீதைப் பாதுகாப்பது வெறும் கணக்குக்காக இல்லை. ஈட்டி மரம் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்டீஸ் உடன்படிக்கையின் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்துவது) கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதலே அதன் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில் உள்ளது. இப்படிப்பட்ட மரத்தில் செய்த பொருள் எல்லை தாண்டும்போது மரத்தின் பெயரும் எங்கிருந்து வந்தது என்பதும் கேட்கப்படலாம். அதனால் பதிவேட்டில் வணிகப் பெயரோடு தாவரவியல் பெயரையும் எழுதுங்கள். வெறும் "ரோஸ்வுட்" என்று எழுதுவது உதவாது, அந்தப் பெயரில் பல மரங்கள் விற்கின்றன.

9. பெயரை டிரேட்மார்க் ஆக்க வேண்டுமா?

பரிசுக்கும் தெரிந்தவர்களுக்கும் செய்கிறீர்கள் என்றால் இப்போது வேண்டாம். தொடர்ந்து விற்கத் தொடங்கிய பிறகு யோசியுங்கள். ஆனால் சூட்டுக்கோல் செய்யக் கொடுக்கும் முன்பு, அந்தப் பெயரையோ சின்னத்தையோ வேறு யாரும் பதிந்திருக்கிறார்களா என்று மட்டும் தேடிவிடுங்கள். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸில் இலவசமாகத் தேடலாம். உங்கள் நாட்டு டிரேட்மார்க் அலுவலகத் தளத்திலும் தேடுங்கள்.

விண்ணப்பம் பொருளின் வகுப்பைப் பொறுத்தது. மேசை நாற்காலி போன்ற சாமான்கள் வகுப்பு 20. மரக் கிண்ணம், நறுக்கும் பலகை மாதிரிச் சமையலறைப் பொருள்கள் 21. இசைக்கருவி 15, பொம்மை 28. பெரும்பாலும் வகுப்புக்கு வகுப்பு கட்டணம் கூடும், அதனால் உண்மையில் விற்பதை மட்டும் எழுதுங்கள். பதிவு அந்த நாட்டுக்குள் மட்டும் செல்லும். முதல் விண்ணப்பத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் வேறு நாட்டில் விண்ணப்பித்தால், தொழில்சார் சொத்துக்கான பாரிஸ் உடன்படிக்கை நாடுகளில் முதல் தேதியின் முன்னுரிமை கிடைக்கும். பெரும்பாலான நாடுகளில் பதிவு 10 ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்கலாம். வட்டத்துக்குள் ஆர் என்ற குறியைப் பதிவு முடியும் முன் போடாதீர்கள், பல நாடுகளில் அது குற்றம். பித்தளைத் தலையில் அதை இப்போதே செதுக்கச் சொல்லிவிட்டால் பிறகு எடுக்கவும் முடியாது.

10. தவறிப்போனால்

பென்சில் என்றால் ரப்பர், மிச்சத்துக்கு உப்புத்தாள். எண் அச்சு தவறாக விழுந்தால் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை ஒற்றுங்கள். நசுங்கிய நார் ஆவியில் உப்பிப் பெருமளவு நிமிர்ந்துவிடும். (இதே காரணத்தால், சரியாக விழுந்த அச்சின் மேல் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) மை இறங்கியிருந்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், நான் செய்த தவறு அது. முழுக்கக் காயவிட்டு, கூர்மையான ஸ்கிரேப்பரால் உலர்வாகச் சுரண்டுங்கள். சூடு தவறினால் உப்புத்தாள் எடுபடாது. அந்தப் பலகையை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சீவ முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த இடத்தில் உளியால் நீள்சதுரமாகக் குழி எடுத்து, அதே மரத்தில் ரேகை பொருந்தும் ஒரு துண்டை ஒட்டி, இழைத்து, அதன் மேல் புதிதாகச் சுடுங்கள்.

வேறொருவர் செய்த பழைய பொருளைப் பழுது பார்த்துக் கொடுக்கிறீர்கள் என்றால் அவர் குறியின் மேல் உப்புத்தாளோ பூச்சோ படக்கூடாது, வேலை தொடங்கும் முன்பே அதன் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். உங்கள் பெயரைச் சற்றுத் தள்ளி, பென்சிலால், "பழுது பார்த்தது" என்ற சொல்லோடும் ஆண்டோடும், எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்பதோடும் எழுதுங்கள்.